இரண்டு சர்க்காருக்கும் குற்றவாளி

அவளை எல்லோரும் ஷட்டரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அணையின் ஒன்பது ஷட்டர்களையும் தூக்கி இறக்குவது அவள் வேலை. முதலில் அப்பா பார்த்த வேலை அது. அவர் பணியில் இருக்கும்போதே மார்வலி வந்து போய்விட, பிள்ளைகளில் ஒருவருக்கு அதைத் தருவதாகச் சொன்னார்கள். தம்பிக்கு அப்போது பதினாறு வயதுதான். இவளுக்கு இருபத்திரண்டு. "பொம்பளையால ஷட்டர் தூக்க முடியுமா?" என்று கேட்ட அதிகாரியிடம், "மோட்டார்தானே சார் தூக்குது? நான் பட்டனை அமுக்கினாப் போதாதா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே உத்தரவை வாங்கி வந்தாள்.

கல்யாணம் ஒன்று நடந்து ஒன்றரை வருஷத்தில் ஒன்றுமில்லாமல் போனது. அதைப் பற்றிக் கேட்டால், "நல்ல புடவை ஒண்ணு வீணாப் போச்சு" என்பதோடு முடித்துக்கொள்வாள். தம்பியைப் படிக்க வைத்தாள். அவனுக்கு ஊரின் குடிநீர் நிலையத்தில் பம்ப் இயக்கும் வேலை கிடைத்தது. அணைக்கு ஏழு கிலோமீட்டர் கீழே, ஆற்றின் நடுவில் ஒரு பெரிய உறைகிணறு. அதன் தலையில் பம்ப் அறை. கரையிலிருந்து அங்கே போக ஓர் இரும்பு நடைபாலம். எட்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மாற்று ஆள் வராமல் எழுந்து வரக்கூடாது.

அக்காவும் தம்பியும் செய்தது தண்ணீர் வேலைதான் என்றாலும் முதலாளிகள் வேறு வேறு. நாலு மாநிலங்களின் ஊடே ஆறு ஓடுவதால் அணை தேசத்தை ஆளும் அரசுக்குச் சொந்தம். கரையும், கரையில் குடியிருக்கும் மனிதர்களும், அவர்கள் குடிக்கும் தண்ணீரும் மாநில அரசின் பொறுப்பு. ஊரில் யாரும் இப்படி நீட்டி முழக்க மாட்டார்கள். அது பெரிய சர்க்கார், இது சின்ன சர்க்கார், அவ்வளவுதான். தண்ணீர் ஷட்டரைத் தாண்டும்வரை பெரிய சர்க்காருடையது. தாண்டியதும் சின்ன சர்க்காருடையது. எந்த நொடியில் கைமாறுகிறது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

"உங்க சர்க்கார் தண்ணியில இன்னைக்கு ஒரே சேறுக்கா" என்பான் தம்பி.

"ஷட்டரைத் தாண்டும்போது நல்லாத்தான்டா இருந்துச்சு. உங்க எல்லைக்குள்ள வந்ததும் கெட்டுப் போயிருக்கும். சகவாச தோஷம்."

இந்தச் சிரிப்பு ஒரு மழைக்காலத்தில் நின்றது. அணை நிரம்பிக்கொண்டிருந்தது. மாலைக்குள் திறக்கச் சொல்வார்கள் என்று தெரிந்து அவள் தம்பிக்குப் போன் செய்தாள். அவன் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கரைக்கு வந்துவிட்டான். ஆனால் மேலே மழை விட்டதால் திறக்கும் உத்தரவு ரத்தானது. ஊருக்கு அரை நாள் தண்ணீர் வரவில்லை. மேலதிகாரி கேட்டபோது, "அணையில இருந்து அக்கா சொன்னாங்க சார்" என்றான் தம்பி. "உனக்குச் சம்பளம் குடுக்கறது உங்க அக்காவா, நாங்களா? இன்னொரு சர்க்கார் ஆள் பேச்சைக் கேட்டு எங்க மோட்டாரை நிறுத்துவியா?" என்று மூன்று மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். வேலைக்குத் திரும்பிய அன்று தம்பி பெண்டாட்டி இவளிடம் நேராகவே சொன்னாள்: "அண்ணி, இனிமே வீட்டுக்கு வராதீங்க. அவருக்கு நல்லது எதுவும் செய்யாதீங்க. எங்களால தாங்க முடியாது."

அடுத்த வருஷம் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் பகல் ஒன்றரை மணிக்கு அணை இன்ஜினியர் ஷட்டர் அறைக்கு வந்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அவருக்குப் பெயர். கையில் ஒரு தாள். தலைநகரத்திலிருந்து வந்த உத்தரவு: இரண்டு மணிக்கு ஐந்து ஷட்டர், எட்டெட்டு அடி.

"கீழே சொல்லியாச்சா சார்?" என்று கேட்டாள்.

"தண்ணி திறக்கறது நம்ம வேலை. ஜனங்களுக்குச் சொல்றது அவங்க வேலை. காலையிலயே லெட்டர் போயாச்சு." அவர் குடையை மடிக்காமலே வந்த வழியில் போய்விட்டார்.

ஷட்டர் அறை பத்துக்குப் பன்னிரண்டு இருக்கும். ஒரு சுவரில் சாம்பல் நிறப் பெட்டி. அதில் ஒன்பது ஷட்டருக்கும் பச்சை, சிவப்புப் பட்டன்கள். எதிர்ச்சுவரில் ஒரு மஞ்சள் பெட்டி. கரையோரம் நட்டிருக்கும் நாலு சைரன் கம்பங்களுக்கான ஒரே பட்டன் அதற்குள் இருந்தது. சாம்பல் பெட்டி பெரிய சர்க்காருடையது. மஞ்சள் பெட்டி சின்ன சர்க்காருடையது. பூட்டி அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். அதைத் திறக்க ஒரு காவலர் இருந்தார். அவர் ஓய்வு பெற்றபின், 'அறை உங்களுடையது, ஆளை நீங்கள் போடுங்கள்' என்று சின்ன சர்க்கார் எழுத, 'பெட்டி உங்களுடையது, ஆளும் உங்களுடையதாக இருக்கட்டும்' என்று பெரிய சர்க்கார் எழுத, ஆறு வருஷம் ஓடிவிட்டது. சாவி முப்பது கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு மேஜை டிராயரில் கிடந்தது.

அவள் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தாள். எடுத்த குமாஸ்தா மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க லெட்டர் வந்துச்சும்மா. ஆனா அணை இன்ஜினியர் கையெழுத்துல வந்திருக்கு. தலைமை இன்ஜினியர் கையெழுத்து இருந்தாத்தான் நாங்க அதை எச்சரிக்கையா எடுத்துக்க முடியும். இதைத் தகவலாத்தான் எடுத்துக்கிட்டிருக்கோம்."

"தகவலா எடுத்துக்கிட்டா என்ன செய்வீங்க?"

"ஃபைல்ல வைப்போம்மா."

மணி ஒன்று நாற்பத்தைந்து. தம்பியைக் கூப்பிட்டாள். மோட்டார் சத்தத்துக்கு மேல் அவன் கத்திப் பேசினான்.

"எங்க ஆபீஸ்ல இருந்து ஒண்ணும் வரலைக்கா."

"வராதுடா. ரெண்டு மணிக்குத் திறக்கிறேன். எழுந்து போ."

"போன வருஷமும் இதைத்தான் சொன்னே. இந்த வாட்டி எழுந்து போனா வேலையே போயிடும். நமக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் அடி. சைரன் அடிக்கட்டும். அடிச்சா அது எங்க சர்க்கார் சைரன். அதைக் கேட்டு நான் எழுந்து வந்தா ஒருத்தனும் என்னைக் கேக்க முடியாது. நீ வை."

அவன் கேட்டது நியாயம்தான். அவள் கியர் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த பெரிய ஸ்பேனரை எடுத்து மஞ்சள் பெட்டியின் பூட்டில் அடித்தாள். நாலாவது அடியில் முத்திரை தெறித்தது. ஆறாவது அடியில் பூட்டு விட்டது. பட்டனை அமுக்கினாள்.

அணைக்குப் பக்கத்துக் கம்பம் அலறியது. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் அலறியது. அது சலவைத் துறையில் இருந்த கம்பம். அங்கே துணி வெளுத்துக்கொண்டிருந்த நூறு பேர், பாதித் துணியைக் கல்லிலேயே விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாவதும் நாலாவதும் அவள் காதுக்கு எட்டாத தூரம். அவையும் அடிக்கின்றன என்று நம்பினாள்.

அவை அடிக்கவில்லை. இரண்டாவது கம்பத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒரு நெடுஞ்சாலை போகிறது. சாலை பெரிய சர்க்காருடையது. அதன் அடியில் கேபிள் போட அனுமதி கேட்டுச் சின்ன சர்க்கார் எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. கம்பத்தை மட்டும் நட்டுவிட்டார்கள். இதெல்லாம் பின்னால் கோர்ட்டில்தான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு மணி ஆனது. சைரனை நிறுத்த மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம், தம்பி பாலத்தைக் கடந்திருப்பான், இன்னும் கொஞ்சம். இன்ஜினியர் போனில் கத்தினார். "என்ன செஞ்சுக்கிட்டிருக்கீங்க? தண்ணி மேல வருது, அணை போயிடும்! அணை போனா ஊரே மிஞ்சாது!" அவர் சொன்னது பொய்யில்லை. அளவுகோலில் குறி ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு அவள் சாம்பல் பெட்டிக்குத் திரும்பி ஐந்து பச்சைப் பட்டன்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அமுக்கினாள். காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது.

பம்ப் அறைக்குத் தண்ணீர் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம். அதற்கு ஓரிரு நிமிஷமே பாக்கி இருந்தபோது, நிம்மதிக்காக ஒருமுறை தம்பியைக் கூப்பிட்டாள். அவன் எடுத்தான். பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"சைரன் கேட்டுச்சாடா?"

"எந்த சைரன்?"

அதற்குப்பின் இருவரும் பேசியது முக்கால் நிமிஷம். அவள் மறுபடி கூப்பிட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டபோது மணியும் அடிக்கவில்லை.

பதினொரு பேர் போனார்கள். பத்து உடல்கள் கிடைத்தன. தம்பியின் உடல் கிடைக்கவில்லை. இரும்புப் பாலத்தின் ஒரு துண்டை எங்கோ கீழே ஒரு வளைவில் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. அவள்மேல் முதல் புகாரைக் கொடுத்தது சலவைத் துறைப் பெண் ஒருத்தி. சைரனைக் கேட்டு ஓடும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். உயிரோடு இருந்ததால்தான் புகார் கொடுக்க முடிந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கு மேல் அரசுச் சொத்தான பூட்டை உடைத்தது, அதிகாரமில்லாமல் சைரன் அடித்தது, மனித உயிருக்குக் கேடாகத் தண்ணீர் திறந்தது என்று சேர்த்தார்கள். இன்ஸ்பெக்டர் அவளுக்கு நாற்காலி போட்டார்.

"உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லம்மா. மேலேருந்து ஒரு பேர் கேட்டாங்க. உத்தரவு போட்டவங்க எல்லாம் பெரிய சர்க்கார் அதிகாரிங்க. அவங்களைத் தொடணும்னா அங்கேயே அனுமதி வாங்கணும். நீங்க கடைசி ஊழியர். உங்களுக்கு அனுமதி வேண்டாம்."

"பட்டனை அமுக்காம இருந்திருந்தா?"

"அணை உடைஞ்சிருக்கும். அப்பவும் உங்களைத்தான் பிடிச்சிருப்போம்."

சிறையில் இருந்தபோதே பெரிய சர்க்காரின் குற்றச்சாட்டும் கையில் வந்தது. இரண்டு மணிக்குத் திறக்க வேண்டியதைப் பன்னிரண்டு நிமிஷம் தாமதித்தது. பணி நேரத்தில் இன்னொரு அரசின் கருவியை இயக்கியது. அலுவலகப் போனில் சொந்தக்காரருக்குத் தகவல் கொடுத்தது. விசாரணை முடிந்து வேலையை விட்டு நீக்கினார்கள். ஒரு சர்க்கார் ஏன் திறந்தாய் என்று கேட்டது. இன்னொன்று ஏன் உடனே திறக்கவில்லை என்று கேட்டது. சைரன் அடித்தது தப்பு என்பதில் மட்டும் இரண்டுக்கும் ஒரே கருத்து.

வெளியே தம்பி பெண்டாட்டிக்கு ஒரு மெமோ வந்தது. தம்பி பெயருக்கு வந்தது அது. இந்தத் தேதியிலிருந்து தகவல் இல்லாமல் பணிக்கு வராததற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். அவள் அதை எடுத்துக்கொண்டு தம்பியின் ஆபீசுக்கு ஓடினாள்.

"ஆத்தோட போன மனுஷனுக்கு மெமோ குடுக்கறீங்களே, உங்களுக்கெல்லாம் வீட்ல யாரும் இல்லையா?"

"இறந்துட்டார்னு சர்டிபிகேட் கொண்டாங்க. வாபஸ் வாங்கிடறோம்."

உடல் இல்லாமல் சான்று கிடைக்க வேண்டுமானால், வெள்ளத்தில் போனதாக ஏதாவது ஒரு சர்க்கார் ஒப்புக்கொள்ள வேண்டும். மாநில அலுவலகத்தில், "இது மழை வெள்ளம் இல்லம்மா, அவங்க திறந்துவிட்ட தண்ணி. அணைக்காரங்ககிட்ட கேளுங்க" என்றார்கள். அணை அலுவலகத்தில், "இது இயற்கை வெள்ளம். செத்தது மாநில ஊழியர். அங்கே போங்க" என்று கைவிரித்தார்கள். பதினாலு மாதம் அவளைப் பந்தாடினார்கள். அவள் பெண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை. வேலைக்கு வராதவன் குடும்பத்துக்குக் குடியிருப்பு கிடையாது என்று வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சாமான்களை மாட்டிய ஆணி வரைக்கும் பிடுங்கிக்கொண்டு அவள் ஒரு ஒற்றை அறைக்குப் போனாள்.

அப்போதுதான் சின்ன சர்க்காரின் வக்கீல் அவளைக் கூப்பிட்டனுப்பினார். விஷயம் சுலபம். குற்ற வழக்கில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். மனிதக் கையால் திறந்துவிட்ட தண்ணீரில் கணவன் இறந்தான் என்று தீர்ப்பில் வந்துவிட்டால், அந்தத் தீர்ப்பே இறப்புக்குச் சான்று. கணவன் வேலையும் அவளுக்குக் கிடைக்கும்.

ஷட்டரக்கா அப்போது ஜாமீனில் இருந்தாள். சாட்சிப் பட்டியலில் பெயரைப் பார்த்தும் அவள் நம்பவில்லை. தம்பி கடைசிவரை சைரனுக்காகத்தான் காத்திருந்தான், அதைச் சொல்லத்தான் வருகிறாள் என்று தன் வக்கீலிடம் சொன்னாள்.

கூண்டில் ஏறிய தம்பி பெண்டாட்டி எங்கும் பார்க்கவில்லை.

"ஷட்டரைத் திறந்தது யார்?"

"இவங்க."

"உங்க கணவர் ஆத்துக்குள்ள இருக்கார்னு தெரிஞ்சே திறந்தாங்களா?"

"தெரியும். திறக்கறதுக்கு முன்னாடி போன்ல பேசியிருக்காங்க."

"அதுக்கு முன்னாடி அவங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "என் வீட்டுக்காரர் சஸ்பெண்ட் ஆனது இவங்களாலதான். அதுலேருந்து நான் இவங்களை வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன்." ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சேர்த்துக் கேட்டபோது, ஒரு நாத்தனார் பழி தீர்த்த கதையாக அது கோர்ட்டில் நின்றது.

ஷட்டரக்காவின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவள் அவர் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எதற்கு அப்படிச் செய்தாள் என்று பின்னால் அவளே பலமுறை யோசித்துப் பார்த்தாள். பெருந்தன்மை இல்லை. வாய் திறந்தால் அழுதுவிடுவோம், அதைத் தம்பி பெண்டாட்டி பார்த்துவிடுவாள் என்ற பயம்தான்.

இரண்டு வருஷம் தண்டனை. ஒன்பதாம் நாள் தம்பி பெண்டாட்டிக்குச் சான்று வந்தது. வேலை உத்தரவும் வந்தது. நாற்பது நாள் வேலைக்குப் போனாள். அதற்குள் பெரிய சர்க்கார் மேல் கோர்ட்டுக்குப் போனது. ஆற்று நீர் யாருடையது, வெள்ளம் யாருடையது என்பது அரசியல் சாசனக் கேள்வி; அதைக் கீழ்க்கோர்ட் தீர்மானிக்க முடியாது; பெரிய அமர்வு முடிவு செய்யும்வரை வெள்ளத்தின் காரணம் பற்றிய எல்லா முடிவுகளுக்கும் தடை. சான்று செல்லாமல் போனது. வேலை உத்தரவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

தண்டனைக்கு மட்டும் தடை வரவில்லை. யாராவது கேட்டால்தானே வரும்? இரண்டு சர்க்காருக்கும் அது தேவைப்படவில்லை. அவள் வக்கீல் மேல்முறையீட்டுக்கான தேதியைத் தவறவிட்டிருந்தார். சிறையில் அவளுக்குத் துணி தைக்கும் பிரிவு. பூட்டை உடைத்த நாளிலிருந்தே வலது தோள் மோசம்; அங்கே முழுசாகப் போனது.

அவள் வெளியே வருவதற்கு இரண்டு மாதம் முன்பு தேர்தல் வந்து, இரண்டு இடத்திலும் ஒரே கூட்டணி உட்கார்ந்தது. வழக்கை இரண்டு பக்கமும் சுமுகமாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உடன்படிக்கையின் நாலாவது பத்தி அந்த வெள்ளத்தை 'இயற்கைப் பேரிடர்' என்று சொன்னது. யாருடைய தவறும் இல்லை. பதினொரு குடும்பங்களுக்கும் புதுச் சான்று. தம்பி பெண்டாட்டிக்கு மறுபடியும் வேலை. யாரும் செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி உள்ளே இருக்கிறாளே என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டாராம். "அது தனிநபர் வழக்கு" என்று பதில் வந்ததாம்.

விடுதலையானபின் அவளுக்கு ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. நாளெல்லாம் நின்றுகொண்டு பசை தடவும் வேலை. மாடியில் ஒரு சின்ன அறை. ஓர் அடுப்பு, ஒரு பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாள். தம்பி பெண்டாட்டி நின்றிருந்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது.

"அண்ணி."

"என்ன?"

"தண்ணி தானா வந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"படிச்சேன். நீ சொன்னது பொய்னு ஆயிடுச்சா?"

"பொய் இல்ல. உங்க கைதானே." அவள் கண்ணைத் தாழ்த்தாமலே சொன்னாள். "மன்னிப்புக் கேக்க வரலை. கேட்டா நீங்க குடுப்பீங்கன்னும் நினைக்கலை."

"பின்ன எதுக்கு வந்தே?"

"கடைசியா அவர் பேசினது உங்ககிட்டதான். முக்கால் நிமிஷம்னு போன் ரிக்கார்டுல இருக்கு. என்ன பேசினார்னு கோர்ட்ல யாரும் கேக்கலை." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. "என் பேரைச் சொன்னாரா?"

ஷட்டரக்காவுக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். ஓடுடா என்று அவள் கத்தியது, மோட்டாரை ஓட விட்டுப் போனால் எரிந்துபோகும், நிறுத்திவிட்டு வருகிறேன் என்று அவன் சொன்னது, பின் தண்ணீரைக் கண்ணால் பார்த்ததும் அவன் குரல் சின்னப் பையன் குரலாக மாறியது, அதற்குப் பிறகு அவன் சொன்ன ஒரே ஒரு பெயர். இவள் பெயர் இல்லை அது. வாசலில் நிற்பவளின் பெயர்.

"ஞாபகம் இல்ல" என்றாள்.

"அண்ணி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"ஞாபகம் இல்லன்னு சொல்றேன்ல."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே அழுகைச் சத்தம் வெகுநேரம் கேட்டது. இவள் சுவரில் சாய்ந்து நின்று அதைக் கேட்டாள். சுகமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் தன் கையில் மிஞ்சிய ஒரே அதிகாரம் அதுதான் என்று தோன்றியது. அதில் பங்கு கேட்க எந்தச் சர்க்காராலும் முடியாது.

தம்பி பெண்டாட்டி அதன்பின் இரண்டு தடவை வந்தாள். ஒருமுறை பழம் வாங்கி வந்தாள். ஒருமுறை வெறுங்கையோடு வந்து படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவையும் அதே பதில்தான். நாலாவது தடவை வந்தால் சொல்லிவிடலாம் என்று இவள் ஒருநாள் பசை தடவிக்கொண்டே முடிவு செய்தாள். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.